ஜப்பானில் ஊருக்கு ஊர் மனிதர்கள் மாறுகிறார்களா? டோக்கியோவுக்கு வெளியே வாழ்ந்தவர்களின் அனுபவங்கள்

நிஷிகசாய்வாசி

நம்மவர்கள் கூடினால் "ஜப்பான்காரன் இப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஜப்பானியர்களோ அப்படிப் பேசுவதில்லை. எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் எந்த மாகாணம் என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் வந்ததும் பாதி ஜாதகம் தெரிந்துவிட்ட மாதிரி தலையாட்டுவார்கள். ஒசாகாக்காரர் என்றால் சிரிக்க வைக்க வேண்டும், கியோட்டோக்காரர் மனதில் இருப்பதைச் சொல்லமாட்டார், ஒகினாவாக்காரர் நேரத்துக்கு வரமாட்டார். மொத்தம் 47 மாகாணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை.

இது வெறும் கேலிதானா, இல்லை நிஜமாகவே வாழ்க்கைமுறை மாறுகிறதா? வெளி மாகாணங்களில் இருப்பவர்கள் எழுதுங்களேன். சாப்பாடு வேண்டாம், அதைப் பேசிப் பேசிச் சலித்துவிட்டது. கல்யாணம், சாவு, பணம், பெண்கள், அக்கம்பக்கம், இதையெல்லாம் சொல்லுங்கள்.

சப்போரோ பனி

கல்யாணமும் சாவும் கேட்டீர்கள், இரண்டுக்கும் எங்கள் வடக்குத் தீவான ஹொக்காய்டோவில் ரசீது உண்டு.

டோக்கியோ பக்கம் கல்யாணத்துக்குப் போனால் அலங்கார உறையில் புத்தம்புது நோட்டாக 30,000 யென் வைப்பீர்கள் அல்லவா? இங்கே அழைப்பிதழிலேயே கட்டணம் அச்சாகியிருக்கும். என் சக ஊழியரின் கல்யாணத்தில் 15,000 யென். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நண்பர்களிடம் 20,000 கொடுத்தேன், மீதி 5,000 கையில் வந்தது. உறையும் கிடையாது, ஒற்றைப்படைத் தொகையாக வைக்க வேண்டும் என்ற கவலையும் கிடையாது.

சாவு வீடு இன்னும் ஒரு படி மேலே. துக்கப் பணம் வைத்த உறையை நீட்டினேன். கறுப்பு கோட் போட்ட இளைஞர் அதை என் கண் முன்னாலேயே பிரித்து, எண்ணிப் பார்த்து, தொகையை எழுதி ரசீது கிழித்துக் கொடுத்தார். கூடவே ஒரு தேயிலைப் பெட்டி. என்னோடு வந்திருந்த டோக்கியோ மேலாளருக்கு முகமே மாறிவிட்டது. அவர் ஊரில் கொடுத்தவர் எதிரிலேயே உறையைப் பிரிப்பது பெரிய அநாகரிகம்.

காரணத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். 1869-ல் அரசு குடியேற்ற அலுவலகம் அமைத்த பிறகு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஏழைகள் இங்கே வந்து காடு வெட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சடங்கு, யார் கையிலும் காசில்லை. அதனால் செலவைப் பங்கு போட்டுக் கணக்கைத் திறந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. "நாங்கள் எல்லாரும் வந்தேறிகள், எங்களுக்குப் பரம்பரைப் பெருமை எதற்கு" என்று சிரித்தார். அந்தக் காடு ஐனு மக்களுடையது என்பதை அவர் சொல்லவில்லை. அவர்களைப் பூர்வகுடி என்று சட்டம் ஒப்புக்கொண்டதே 2019-ல்தான்.

ஒசாகா ராணி

டோக்கியோவில் ஒரு பொருள் எவ்வளவு விலை என்று பெருமையடிப்பார்கள், இங்கே எவ்வளவு மலிவு என்று பெருமையடிப்பார்கள். தென்ஜின்பாஷி கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் கோட்டின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கே, எவ்வளவு?" என்றார். சொன்னேன். "அடடா, ஏமாந்துட்டியே" என்று கடை பெயரெல்லாம் சொல்லி அனுப்பினார். ரயிலில் என் பையன் அழுதால் கைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டாத பாட்டியே கிடையாது.

அதற்காக இங்கே எல்லாரும் தங்கம் என்று நினைத்து வந்துவிடாதீர்கள். வெளிநாட்டவருக்கு வீடு தரமாட்டோம் என்று ஒசாகா வீட்டுக்காரர்களும் சொல்கிறார்கள். என்ன, சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கியோட்டோ சந்து

கியோட்டோவைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதையைத் தவிர்த்துவிட்டு, துடைப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பழைய மரவீடுகள் உள்ள தெருவில் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் வீட்டு வாசலைக் கூட்ட வேண்டும், அதற்கு ஒரு அளவு இருக்கிறது. உங்கள் வாசலோடு சரியாக நிறுத்தினால் நீங்கள் சுயநலக்காரி. பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துக் கூட்டினால் "உன் வாசல் குப்பையாக இருக்கிறது" என்று குத்திக்காட்டியதாக அர்த்தம், அவர்களுக்கும் கடன்பட்ட உணர்வு வந்துவிடும். எனவே எல்லையைத் தாண்டி ஒரு அடி, அவ்வளவுதான். எதிர் வீட்டு அம்மாள் வீட்டுச் சுவரில் உள்ள மரத்தூணை எல்லையாக வைத்துக் கூட்டி, சரியாக ஒரு துடைப்ப அகலம் தாண்டியதும் நிறுத்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். யாரும் வாய்திறந்து சொல்லித்தரவில்லை, சொல்லித்தரவும் மாட்டார்கள்.

இதைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் "கியோட்டோக்காரர்களுக்கு இரட்டை நாக்கு" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு தலைமுறை தலைமுறையாக அதே சந்தில் வாழ வேண்டும், ஆகஸ்ட் மாதம் குழந்தைகளின் காவல் தெய்வமான ஜிஸோ சாமிக்குப் பிள்ளைகளை வைத்து விழா எடுக்கும்போது அவர்களோடுதான் உட்கார வேண்டும். முகத்துக்கு நேராகச் சண்டை போட்டுவிட்டு எங்கே போவது?

இன்னொன்று. இவர்கள் "கியோட்டோ" என்று சொல்வது மாகாணத்தை அல்ல. நகரின் நடுப்பகுதியை மட்டும்தான். ஃபுஷிமி ஆளைக்கூட "அவர் ஃபுஷிமி" என்று தனியாகப் பிரிப்பார்கள். ஜப்பான் கடலோரம் மைசுருவரை நீளும் மாகாணம் இவர்கள் கணக்கிலேயே இல்லை.

நகோயா கார் கம்பெனி

நகோயாக்காரர்கள் காசில் கெட்டி. காபி வாங்கினால் ரொட்டியும் முட்டையும் இலவசம் என்று காலை நேரக் கடைகளில் வரிசை நிற்கும். அப்படிப்பட்டவர்கள் மகள் கல்யாணம் என்றால் மட்டும் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என் குழுவில் இருக்கும் அக்காவின் அம்மா கல்யாணத்துக்குச் சீர்ப்பொருட்களை லாரியில் ஏற்றி, சிவப்பு வெள்ளைத் துணி கட்டி, ஊரே பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார்களாம். அந்த லாரி பின்னால் எடுக்கவே கூடாது, மணப்பெண் திரும்பி வருவது போல ஆகிவிடும். குறுகிய பாதையில் எதிரே வண்டி வந்தால் எதிர் வண்டிதான் பின்வாங்க வேண்டும், அந்த ஓட்டுநருக்குக் கையில் பணம் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டு மாடியிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுவதும் உண்டு. இப்போது லாரி கிடையாது. அந்த அக்காவின் மகள் நகராட்சி அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு ஹவாய் போய்விட்டாள்.

வண்டி என்றதும் ஞாபகம் வருகிறது, நகோயா இருக்கும் ஐச்சி மாகாணத்தில் தெருவைக் கடக்கும்போது கவனம். 2018 வரை தொடர்ந்து 16 ஆண்டுகள் சாலை விபத்துச் சாவில் நாட்டிலேயே முதலிடம்.

மட்சுமோட்டோ மலை

நகோயா அண்ணா, எங்கள் நாகானோ பக்கம் வந்து பாருங்கள். சிக்னல் இல்லாத பாதசாரிக் கோட்டில் கால் வைத்தாலே வண்டிகள் நிற்கும். ஜப்பான் மோட்டார் வாகனச் சங்கம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில் 2018-ல் நாடு முழுவதும் நின்ற வண்டிகள் 8.6 விழுக்காடு, நாகானோவில் 58.6. எங்கள் தெருப் பள்ளிப் பிள்ளைகள் கடந்து முடித்ததும் திரும்பி நின்று ஓட்டுநருக்குத் தலைகுனிந்து வணக்கம் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள்தான் பிறகு வண்டி ஓட்டுகிறார்கள், நிற்காமல் எப்படிப் போவார்கள்?

சந்தேகப் பிராணி

அதே கணக்கில் கடைசி யார் என்று பார்த்தீர்களா? தொச்சிகி மாகாணம், 0.9 விழுக்காடு. நூற்றுக்கு ஒரு வண்டிகூட நிற்கவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். "தொச்சிகிக்காரர்கள் முரடர்கள்" என்று டோக்கியோ நண்பர்கள் உடனே முடிவு கட்டிவிட்டார்கள். மாகாணத்துக்கே மானம் போனது. 'நிற்காத தொச்சிகியிலிருந்து மீள்வோம்' என்று பிரசாரம் தொடங்கினார்கள். 2022-ல் 44.9 விழுக்காடு, தேசிய சராசரியைவிட அதிகம். இரத்தத்தில் ஊறிய குணம் என்றால் நான்கே ஆண்டில் எப்படி மாறும்?

மாகாணம் என்பதே 1871-க்குப் பிறகு அரசு போட்ட கோடு. அதற்கு முன்னால் இருந்தவை சிற்றரசுகள். அவோமோரியில், முன்பு தனித்தனிச் சிற்றரசுகளின் கீழ் இருந்த ட்ஸுகாரு பகுதியும் நன்பு பகுதியும் ஒரே மாகாணத்தில் இருந்துகொண்டே இன்னும் முறைத்துக்கொள்கின்றன. மாகாண குணம் என்று டிவியில் காட்டுவதில் பாதி வியாபாரம். மீதிப் பாதியைச் சப்போரோ பனி சொன்னது போல வரலாற்றில் தேட வேண்டும்.

ஐசு வாசகர்

வரலாறு என்றால் எங்கள் ஊர், ஃபுகுஷிமா மாகாணத்து ஐசு. 1868-ல் மன்னர் தரப்புக்கும் ஷோகன் தரப்புக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், ஷோகன் பக்கம் நின்ற ஐசு கோட்டையை முற்றுகையிட்ட படைகளில் ச்சோஷூவினரும் இருந்தார்கள், இன்றைய யமகுச்சி மாகாணத்துக்காரர்கள். 1986-ல் அங்கிருந்து ஹாகி நகரம் "சமாதானமாகப் போவோம், நட்பு நகரங்களாவோம்" என்று கேட்டது. எங்கள் ஐசுவகமட்சு நகரம் மறுத்துவிட்டது, இன்னும் நேரம் வரவில்லையாம். 2011 நிலநடுக்கம், சுனாமிப் பேரிடருக்குப் பிறகு ஹாகி உதவி அனுப்பியது, இவர்கள் நன்றி சொன்னார்கள். சமாதானம் மட்டும் இன்னும் ஆகவில்லை. நான் வேலை பார்க்கும் கடை முதலாளி யமகுச்சி வாடிக்கையாளரை நன்றாகவே உபசரிப்பார். அவர் போன பிறகு ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.

தெற்குக் கோடி

பெண்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் ஃபுகுவோகாவில் ஆய்வகத்தில் இருக்கிறேன், தோழி தெற்கே ககோஷிமா மாகாணத்துக்காரி. அவள் பாட்டி வீட்டில் ஆண்கள் குளித்த பிறகுதான் பெண்கள் குளிக்க வேண்டும், ஆண்கள் துணியும் பெண்கள் துணியும் ஒரே கொடியில் காயக்கூடாது. "அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் பார்க்கிறார்கள்" என்று அவள் மாமா சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான், 2015-ல், அம்மாகாண ஆளுநர் ஒரு கூட்டத்தில் பேசினார்: உயர்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு சைன், கொசைன் சொல்லிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது, செடி கொடிகளின் பெயரைச் சொல்லிக் கொடுக்கலாமே என்று. அப்புறம் வாபஸ் வாங்கினார். என் தோழி படித்தது பௌதிகம்.

"வெளியேதான் ஆண்கள் ராஜா, வீட்டில் பணப்பெட்டி பெண்கள் கையில்" என்று அந்த ஊர்க்காரர்கள் சமாதானம் சொல்வார்கள். இந்த வசனத்தை நான் நம் ஊரிலேயே போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

ஹியோகோ மாகாணத்தில் தொயோகா என்ற ஊர் இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. படிக்க வெளியே போன பையன்களில் பாதிப் பேர் திரும்பி வருகிறார்கள், பெண்களில் கால்வாசிதான். ஊர் காலியாகிறது என்று பயந்து, 2021-ல் ஆண் பெண் பேதத்தைக் குறைக்க நகராட்சியே திட்டம் போட்டது. நியாய உணர்வைவிடப் பயம் வேகமாக வேலை செய்கிறது.

நாஹா கடற்கரை

ஒகினாவாவில் சீட்டு இருக்கிறது, தெரியுமா? மொஆய் என்பார்கள். அச்சு அசல் நம் சீட்டுதான். மாதம் ஒரு நாள் கூடி, ஆளுக்குப் பத்தாயிரம் யென் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். எங்கள் குழுவில் பள்ளிக்கூட ஆசிரியர், டாக்சி ஓட்டுநர், மீன் கடை அக்கா எல்லாம் உண்டு. எழுத்து கிடையாது, ஜாமீன் கிடையாது. ஏழு மணிக்கு என்றால் எட்டரைக்குத்தான் கூட்டம் சேரும், முதலில் வந்தவர் குடிக்கத் தொடங்கிவிடுவார். கல்யாணமும் அப்படித்தான், இருநூறு முந்நூறு பேர், ஆளுக்குப் பத்தாயிரம் யென், கடைசியில் எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டம்.

இதைப் படித்துவிட்டுச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.60 குழந்தை, நாட்டிலேயே அதிகம் (டோக்கியோவில் 0.99). ஆனால் விவாகரத்து விகிதத்திலும் பல காலமாக முன்வரிசை, தலைக்கு வருமானத்தில் கடைவரிசை. வீட்டில் வைத்து வணங்கும் முன்னோர் பெயர்ப்பலகையை மூத்த மகன்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மகளுக்குப் போகக்கூடாது என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சொத்தும் அந்தப் பலகையோடுதான் போகும். சீட்டில் சமமாக உட்காரும் மீன் கடை அக்காதான் இதைச் சொல்லி வருத்தப்பட்டார்.

நிஷிகசாய்வாசி

எல்லாருக்கும் நன்றி. கேட்டதற்கு ஒரு காரணமும் உண்டு. கம்பெனி என்னை ஃபுகுய் மாகாணத்துக்கு மாற்றும் போலிருக்கிறது. மனைவியும் வேலை பார்க்கிறார். அங்கே யாராவது இருக்கிறீர்களா?

சபாயே கண்ணாடி

இருக்கிறேன் சார். மனைவி வேலை பார்ப்பது இங்கே ஒரு பிரச்சினையே இல்லை, பார்க்காவிட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள். கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் குடும்பங்கள் நாட்டிலேயே இங்குதான் அதிகம். முன்பு நெசவு, இப்போது மூக்குக் கண்ணாடி பிரேம், பெண்கள் கை இல்லாமல் இங்கே எந்தத் தொழிலும் ஓடியதில்லை. 2014 முதல் மாகாணங்களின் மகிழ்ச்சிப் பட்டியலில் ஃபுகுய்தான் முதலிடம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியலை என் மேலதிகாரி அம்மாளிடம் காட்டியபோது, "யாரைக் கேட்டு எழுதினார்கள்?" என்றார். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய் மாமியார், மாமனார், பிள்ளைகள் எல்லாருக்கும் சமைப்பதும் அவரேதான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் இருக்கிறார் என்பது இந்த ஊர் ஏற்பாட்டின் அச்சாணி, உங்களுக்கு அது கிடையாது. பிள்ளைகள் காப்பகத்துக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

வீடு பார்க்கும்போது நகரத்துக்குள்ளேயே பாருங்கள். மலைப்பக்கம் இகேதா என்ற சின்ன ஊர் இருக்கிறது, 2023 ஜனவரியில் குடியேற வருபவர்களுக்கு ஏழு விதிகள் போட்டு ஊர் செய்தி இதழில் அச்சடித்தது. நகரத்து வழக்கத்தை எங்கள் மேல் திணிக்காதீர்கள், ஊரார் உங்களை எடைபோட்டுப் பார்ப்பது இயல்பு என்று ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற தொனி. நாடு முழுக்கத் திட்டு வாங்கியது. என்னைக் கேட்டால் எழுதி வைத்தது நல்லதுதான், மற்ற ஊர்களில் எழுதாமலேயே இது நடக்கிறது.

நகரத்திலும் தெருச் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள், குப்பை போடும் இடம் அவர்கள் பொறுப்பில் இருக்கும். மாதாந்திரச் சந்தா சின்னத் தொகைதான். குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்கு வாசலில் பனி அள்ளும்போது பக்கத்து வீட்டுக்காரர் உங்களோடு பேச ஆரம்பிப்பார், அதற்கு முன் எதிர்பார்க்காதீர்கள். பனிக்கால டயரை நவம்பரிலேயே மாற்றிவிடுங்கள். வேறு ஏதாவது என்றால் தனியாகச் செய்தி அனுப்புங்கள் சார்.