வெயில் தொட்டியில் பீர்க்கங்காய் நார்க்கூட்டுக் கரி: தண்ணீரும் குறைவு, புகை வாடையும் வருது, யாராவது உதவுங்க

சென்னிமலைத் தோட்டம்:
வணக்கமுங்க. எங்க தோட்டத்து போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 2,400 காட்டுது, பருப்பே வேக மாட்டேங்குது. ஆர்ஓ போட்டால் குடிக்கிறதை விடக் கழிவாகப் போறதுதான் அதிகம் என்பதால், வெயிலில் ஆவியாக்கிப் பிடிக்கலாம் என்று மொட்டை மாடியில் மூன்றடிக்கு மூன்றடி தொட்டி கட்டி, நாலு அங்குலம் தண்ணீர் விட்டு, மேலே கண்ணாடியைச் சாய்த்து, அதில் வழியும் தண்ணீரைப் பிடிக்கக் கீழ் ஓரத்தில் ஒரு வாய்க்கால் வைத்தேன். 2017-இல் சீனாவில் காளானைக் கரியாக்கி மிதக்கவிட்டு வெயிலில் ஆவி எடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும், வேலியில் முற்றிக் காய்ந்து தொங்கிய பீர்க்கங்காயின் நார்க்கூட்டைச் சுட்டுக் கரியாக்கி மிதக்கவிட்டேன். நாலே நாளில் பாதி முங்கிவிட்டது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்கூடத் தேறவில்லை. வடியும் தண்ணீரில் அடுப்புப் புகை வாடை, டிடிஎஸ் 180. ஆவியான தண்ணீரில் உப்பு எப்படி வரும்? எங்கே தப்பு?

கொப்பரைக் களம்:
கூட்டை எப்படிச் சுட்டீங்க தம்பி? திறந்த அடுப்பில் என்றால் வெளியே கருகியிருக்கும், உள்ளே அரைவேக்காடாக இருக்கும். அந்தத் தார்ப்பிசின்தான் சூட்டில் ஆவியோடு கிளம்பி வாடையாக வருது, இந்த வாடை டிடிஎஸ் மீட்டரில் தெரியாது, அதனால் இப்போதைக்கு அதைக் குடிக்காதீங்க. மூடி போட்ட தகர டின்னில் அடைத்து, மூடியில் ஆணி ஓட்டை ஒன்று விட்டு, அந்த ஓட்டையில் புகை நிற்கும்வரை சுடுங்க. அப்புறம் ரெண்டு மூணு தடவை கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றுங்க. கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிரும், அதுதான் இந்தக் கூட்டோட பெரிய தொல்லை.

வெள்ளக்கோவில் அக்கா:
இவ்வளவு பாடு எதுக்குங்க? எங்க அம்மிச்சி தேத்தாங்கொட்டையை உரசிப் போடுவாங்க, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆயிரும். முருங்கை விதைப் பொடியும் கேக்கும்.

கொப்பரைக் களம்:
அக்கா, அது கலங்கல் தண்ணிக்கு. மண்ணைக் கீழே படிய வைக்கும், கரைந்த உப்பை ஒன்றும் செய்யாது. சிரட்டைக் கரியும் அப்படித்தான், வாடையை இழுக்கும், உப்பை விட்டுவிடும். இங்கே உப்பைப் பிரிக்கிறது ஆவிதான், கரி வெயிலைப் பிடித்துக் கொடுக்கிறதோடு சரி.

பட்டறைக்காரன்:
கணக்குப் பார்த்துடலாம். நல்ல வெயில் நாளில் சதுர மீட்டருக்கு அஞ்சரை யூனிட் (கரண்ட் பில்லில் வர்ற அதே யூனிட்தான்) சூடு விழும் என்று வையுங்க. உங்க தொட்டிக்கு நாலரை யூனிட் சொச்சம். ஒரு லிட்டரை ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வேணும். ஒரு துளி வீணாகாவிட்டாலும் ஏழு லிட்டர்தான் உச்சம், சாதாரணத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் நல்ல வேலை. அதனால் ரெண்டு லிட்டரை எதிர்பாருங்க, குடம் நிறையும் என்று நினைக்காதீங்க. நாலு அங்குலத்தில் 85 லிட்டர் நிற்குது, கூடு முங்கினால் அத்தனையையும் வெயில் சூடாக்கணும், 30 டிகிரி ஏற்றவே மூணு யூனிட் போயிடும். ஒரு அங்குலம் போதும்.

180-க்கு வருவோம். ஆவியில் உப்பு வராது, அப்போ போர் தண்ணீர் வேறு வழியில் வாய்க்காலுக்குள் ஏறுது. தொட்டித் தண்ணீரில் கேசரி பவுடர் ஒரு சிட்டிகை போடுங்க, வடிகிற தண்ணீரில் நிறம் தெரிந்தால் கசிவு. நாரின் ஓரம் வாய்க்காலைத் தொட்டாலே போதும், திரி மாதிரி இழுத்து விட்டுவிடும்.

இன்னொன்று, கண்ணாடிச் சாய்வு எவ்வளவு? உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆவி முத்து முத்தாக நின்று திரும்பத் தொட்டிக்குள்ளேயே சொட்டும். சீயக்காய் போட்டுத் தேய்த்தால் தண்ணீர் படலமாக வழியும்.

சென்னிமலைத் தோட்டம்:
அண்ணா, கேசரிப் பவுடர் காட்டிக் கொடுத்துருச்சு, கிழக்கு ஓரத்தில் ஒரு நார் வாய்க்காலில் படுத்திருந்தது. கூட்டை எடுத்துவிட்டு, தெர்மோகோல் அட்டை மேல் பழைய கோணிச் சாக்கை விரித்து, நன்றாகக் கழுவின சிரட்டைக் கரித்தூளைத் தேய்த்து, ரெண்டு முனையை மட்டும் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். ஆறு நாள் ஆச்சு. நேத்தைக்கு 1.9 லிட்டர், டிடிஎஸ் 8. முதல் ரெண்டு நாள் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பிடித்து வைத்தேன், இப்போ வாடை இல்லை. ஆனால் சாக்கு மேலே வெள்ளையாக உப்பு பூத்துக் கரியை மறைக்குது.

பட்டறைக்காரன்:
பொழுதோட ஒரு செம்பு போர் தண்ணீரைச் சாக்கு மேல் ஊற்றுங்க, ராத்திரிக்குள் கரைந்து கீழே இறங்கிடும். நாலு நாளைக்கு ஒருக்கா அடித்தண்ணீரை மாற்றுங்க. செடிக்கு மட்டும் அதை ஊற்றிடாதீங்க. சாக்கைக் காயவும் விடாதீங்க, உச்சி வெயிலில் காய்ந்த சாக்குக்கு அடியில் தெர்மோகோல் நெளிஞ்சு போகும், எனக்கு ரெண்டு அட்டை போச்சு.

வெள்ளக்கோவில் அக்கா:
சரி தம்பி, அந்தத் தண்ணியில் பருப்பு வேகுதா, அதைச் சொல்லுங்க முதல்ல.

சென்னிமலைத் தோட்டம்:
வேகுதுங்க அக்கா. ஆனா காப்பிக்கும் கேக்கறாங்க, ரெண்டு லிட்டர் எங்கே பத்தும்?