வளைவுப் படிக்குத் தேக்குக் கைப்பிடி: பட்டையை எந்த அச்சில் வளைப்பது?

மாடிப்படி_பனசங்கரி:
பெங்களூரு, பனசங்கரி பக்கம் வீட்டு வேலை நடக்குது. நேர்ப்படி முடிஞ்சதும் கால்வட்டமா திரும்புது. திருப்பத்துல 7 ஏற்றம், ஒவ்வொண்ணும் 165 மி.மீ. மேலிருந்து பார்த்தா கைப்பிடியோட நடுக்கோடு 900 மி.மீ. ஆரம். கைப்பிடி 60 அகலம், 50 உயரம். ஆசாரி 6 மி.மீ. தேக்குப் பட்டைகளை ஒட்டி வளைக்கலாம்கிறார். தரையில 900 ஆரத்துக்குத் தட்டையா அச்சு போட்டு, காய்ஞ்சதும் படி மேல தூக்கி வைப்பாராம். சரியா வருமா? வெள்ளைப் பசை போதுமா?

இழைப்புளி:
உட்காராது. கைப்பிடி திரும்பிக்கொண்டே ஏறுகிறது, அதாவது சுருள். கணக்கைப் பாருங்கள்: கால்வட்டப் பரிதி 1414, மொத்த ஏற்றம் 1155, சாய்வு நீளம் 1826, கோணம் 39 டிகிரி. 900-ஐ அந்தக் கோணத்தின் கோசைன் வர்க்கத்தால் (0.6) வகுத்தால் 1500. மரம் உண்மையில் வளைய வேண்டியது 1500 ஆரத்துக்குத்தான், கூடவே ஒரு முறுக்கும் வேண்டும். தட்டை அச்சில் 900-க்கு வளைத்தால் வளைவு அதிகமாகி, முறுக்கு இல்லாமல் போகும். அதை அப்புறம் கையால் முறுக்கிச் சரிசெய்ய முடியாது.

படியையே அச்சாக்குங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் முட்டுக் கொடுத்த 'எல்' சட்டங்கள், ஒரு படிக்கு இரண்டு. அவற்றின் முகம் 870-ல் நிற்கட்டும். அது கைப்பிடியின் உள்முகம். எல்லாம் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்க வேண்டும். பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி அதன்மேல் சுற்றினால் முறுக்கு தானாக விழும். மேல்விளிம்பும் குறுக்கே சமமாகவே வரும். சட்டங்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்ட மறக்காதீர்கள். மறந்தால் கைப்பிடியும் படியும் ஒன்றாகிவிடும்.

மரத்தூள்:
தடிமன் விஷயத்துல ஆசாரி சொல்றது சரி. 1500 ஆரத்துக்கு 6 மி.மீ. தாராளமா வளையும், 10 பட்டை போதும். 4 மி.மீ.ன்னா 15 பட்டை. கிளாம்ப்பை எடுத்ததும் வளைவு திரும்பி நிமிர்றது இன்னும் குறையும், ஆனா ரம்ப வாயில போறதைக் கணக்குப் பண்ணுங்க: ஒவ்வொரு பட்டைக்கும் இழைக்க அரை மி.மீ., ரம்பத்துக்கு 3. ஆக 60 மி.மீ. கைப்பிடிக்கு 6-ல 95 மி.மீ. பலகை, 4-ல 113. தேக்கு விலைக்கு இது சின்ன வித்தியாசம் இல்ல. ஒரு பட்டையைப் பசையில்லாம வளைச்சுப் பாருங்க. முனகினா மட்டும் மெல்லிசாக்குங்க. அறுக்குறதுக்கு முன்னாடி பலகை மேல பெரிய 'வி' கோடு போட்டுடுங்க, அதே வரிசையில அடுக்கினா ரேகை பொருந்தும்.

வெள்ளைப் பசை வேண்டாம். அது காய்ஞ்ச பிறகும் பாரம் தாங்காம மெல்ல நழுவும். வருஷம் போகப் போக பட்டை விளிம்பு விரல்ல தட்டுப்படும், வளைவும் நிமிரும். மெதுவா இறுகுற எப்பாக்ஸி (ரெண்டு பாகம் கலந்து பூசுற பசை) எடுங்க. தேக்கு எண்ணெய் மரம், ஒட்டுறதுக்குச் சற்று முன்னாடி அசிட்டோன்ல துடைங்க. இழைக்க, வெட்ட விடுற கூடுதலையும் சேர்த்து 2.1 மீட்டர் நீளம், 56 மி.மீ. உயரம், 9 ஒட்டு: சுமார் ஒரு சதுர மீட்டர், 300 கிராம் ஆகும். 500 கிராம் கையில வச்சுக்கங்க. ஜி-கிளாம்ப் 100 மி.மீ.க்கு ஒண்ணு, ஏறக்குறைய 20. நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போங்க. மூணு பேர் வேணும். பசையில்லாம ஒரு ஒத்திகை கட்டாயம். கிளாம்ப்பை 24 மணி நேரத்துக்கு முன்னாடி தொடாதீங்க. வழிஞ்ச பசையை முதல்ல சுரண்டிடுங்க, இல்லேன்னா இழைப்புளி வாய் போயிடும்.

மாடிப்படி_பனசங்கரி:
நன்றி. கீழே நேர்ப்படி 165 ஏற்றத்துக்கு 270 மிதி. அங்கே எப்படிச் சேர்க்கிறது?

இழைப்புளி:
முக்கியமான இடம் அதுதான். நேர்ப்படியின் சாய்வு 31 டிகிரி, வளைவில் 39. செங்குத்தாக நிற்கும் 56 மி.மீ. பட்டை மேல்கீழாக வளையாது. அதனால் எட்டு டிகிரி வித்தியாசத்தை ஒட்டு வளைவில் கொண்டுவர முடியாது. இடையில் 250 முதல் 300 மி.மீ. வரை கட்டியான மரத்தில் செதுக்கிய துண்டு ஒன்று போடுங்கள். அதற்காக வளைவின் இரு முனையிலும் 150 மி.மீ. கூடுதலாக விட்டு ஒட்டுங்கள். இணைப்புக்கு ஒரு ஹேண்ட்ரெய்ல் போல்ட் (மூட்டுக்குள் மறைந்து இரு துண்டையும் இழுத்து இறுக்குவது), சுழலாமல் இருக்க இரண்டு மர ஆணி. நட்டு இறுக்கும் துளை அடிப்பக்கம் வரட்டும், அதே தேக்கில் மூடிவிடலாம். உருண்டை விளிம்பு இழைப்பதை இணைத்த பிறகு செய்யச் சொல்லுங்கள். தனித்தனியாக இழைத்தால் மூட்டில் கோடு தாண்டும்.