புதுப்பிப்பு: அப்பாவின் லாகின் சிக்கல் தீர்ந்தது
போன வாரம் எழுதியிருந்தேனே, பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஆத்தென்டிகேட்டர் செயலி (பாஸ்வேர்டுக்கு அடுத்துக் கேட்கும் பாதுகாப்பு எண்ணைத் தரும் போன் செயலி) காட்டும் 6 இலக்க எண்ணை அப்பாவின் மின்னஞ்சல் ஏற்கவில்லை என்று. காரணம் கடிகாரம்! பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று, சுவர்க் கடிகாரத்தைப் போலவே போனிலும் 5 நிமிடம் கூட்டி வைத்திருக்கிறார் மனிதர்.

அந்த எண் எஸ்எம்எஸ்ஸில் வருவதில்லை. பதிவின்போது சேமித்த ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்துப் போனே கணக்கிடுகிறது. வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். மின்னஞ்சல் சேவையின் சர்வரும் அதே கணக்கைத்தான் போடும். அரை நிமிடம் பிசகினால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், 5 நிமிடம் என்றால் எப்படி?

செட்டிங்ஸில் தானியங்கி நேரத்தை ஆன் செய்தேன், முதல் முயற்சியிலேயே திறந்துவிட்டது. அப்புறம், செயலியை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னீர்களே சிலர், நல்லவேளை செய்யவில்லை. பேக்கப் இல்லாததால் சாவியும் சேர்ந்து போயிருக்கும்.

சுவர்க் கடிகாரத்தைத் தொட விடமாட்டேன் என்கிறார்.