‘உபு ராஜா’ தொலைக்காட்சிப் படம்: சப்டைட்டில் கிடைக்குமா?

நண்பர்களுக்கு வணக்கம். அல்ஃப்ரெட் ழாரியின் ‘உபு ராஜா’ நாடகத்தை ழான் கிறிஸ்டோஃப் அவெர்ட்டி 1965-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காகப் படமாக எடுத்தார். உபுவாக ழான் பூயிஸ், அவன் மனைவியாக ரோஸி வார்த். இதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சப்டைட்டிலோடு பார்க்க வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

எங்கள் சிறு நாடகக் குழு இப்போது இந்த நாடகத்தைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறது. பெண்டாட்டி தூபம் போட, போலந்து மன்னரைக் கொன்று உபு அரியணை ஏறுகிறான். அப்புறம் பிரபுக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உன் வருமானம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் குழிக்குள் தள்ளுகிறான். அடுத்து நீதிபதிகள், நிதி அதிகாரிகள். கடைசியில் வரி வசூலிக்கத் தானே வீடு வீடாகக் கிளம்புகிறான். 1896-இல் பாரிஸில் மேடையேறியபோது பெரிய ரகளை. அந்தக் குழிக் காட்சியைப் படித்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

மேடையில் அதை எப்படிக் காட்டுவது என்பதில்தான் திணறுகிறோம். அவெர்ட்டி வழக்கமான செட் எதுவும் போடாமல், நடிகர்களையும் ஓவியங்களையும் மின்னணு உத்தியால் ஒட்டுப்படம் போலச் சேர்த்தவர். அவர் கையாண்ட விதத்தைப் பார்த்தால் எங்களுக்குத் தெளிவு கிடைக்கும்.

சப்டைட்டில் இல்லையென்றாலும் சரி. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த யாராவது அந்த ஒரு காட்சிக்கு மட்டும் உடன் உட்கார்ந்து வசனத்தைச் சொல்ல முடியுமா? பிரெஞ்சுத் தொலைக்காட்சி ஆவணங்களைப் பாதுகாக்கும் ஈனா நிறுவனத்திடம் திரையிட அனுமதி கேட்ட அனுபவம் உள்ளவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.