டிஎன்ஏ வரிசையை படமா மாத்தி ஒப்பிட முடியுமா? ஒரு எழுத்து கூடினாலே ஸ்கோர் சரிஞ்சிடுது

கயல்_பிக்சல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இமேஜ் ப்ராசஸிங் ஆளு, ஜீனோம் (முழு மரபு வரிசை) பக்கம் இப்பதான் வர்றேன். கொரோனா வைரஸ் ஜீனோம் 29,903 எழுத்து, அதுல வர்ற நாலு எழுத்தையும் ஏ=0, சி=85, ஜி=170, டி=255னு கிரே லெவலா (கருப்புல இருந்து வெள்ளை வரைக்குமான சாம்பல் அளவு) மாத்தி 173க்கு 173 படமா மடிச்சு வச்சிருக்கேன், கடைசில கொஞ்சம் பிக்சல் மட்டும் காலியா இருக்கும். இப்படி ரெண்டு ஜீனோமை எஸ்எஸ்ஐஎம் (ரெண்டு படம் எவ்வளவு ஒத்திருக்குன்னு அளக்கிற ஸ்கோர்) வச்சு ஒப்பிடுறேன். எழுத்து மாறியிருந்தா பரவால்ல, ஆனா ஆரம்பத்துல ஒரே ஒரு எழுத்தை நானே நுழைச்சுப் பார்த்தா கூட ரெண்டும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஸ்கோர் வருது. இதை சரி பண்ண வழி இருக்கா, இல்ல இந்த ஐடியாவே வேலைக்கு ஆகாதா?

வரிசைப்பித்தன்:
ஐடியா நல்லாதான் இருக்கு, படமாக்குற முறைதான் சிக்கல். ஒரு எழுத்து நுழைஞ்சா அதுக்கு அப்புறம் இருக்கிற எல்லா பிக்சலும் ஒரு இடம் தள்ளிப் போயிடும், எஸ்எஸ்ஐஎம் அதே இடத்துல இருக்கிறதைத்தான் ஒப்பிடும், அப்போ ஸ்கோர் விழத்தானே செய்யும். இன்னொன்னு, ஏக்கும் சிக்கும் வித்தியாசம் 85, ஏக்கும் டிக்கும் 255னு வச்சிருக்கீங்க, உயிரியல்ல அப்படி ஒரு வரிசையே கிடையாது. அப்புறம் மடிச்சதால மேல கீழ பக்கத்துல வர்ற பிக்சலுக்கும் ஒன்னுக்கொன்னு எந்த உறவும் இல்ல, 173ங்கிற அகலம் நீங்களா வச்சதுதானே.

முதல்ல டாட் பிளாட் போட்டுப் பாருங்க. 1970லயே கிப்ஸும் மெக்கின்டயரும் கொண்டு வந்தது. ஒரு வரிசை கிடைமட்டமா, இன்னொன்னு செங்குத்தா, எழுத்து ஒத்துப்போற இடத்துல எல்லாம் ஒரு புள்ளி. நாலே எழுத்துங்கிறதால தற்செயலாவே நாலுல ஒரு பங்கு புள்ளி விழும், அதனால 11 எழுத்து விண்டோ வச்சு அதுல இத்தனையாவது பொருந்தினாதான் புள்ளின்னு வடிகட்டுங்க. ஒத்த பகுதி சாய்வுக் கோடா வரும், எழுத்து நுழைஞ்ச இடத்துல அந்தக் கோடு ஒரு படி தள்ளி தொடரும், திரும்பத் திரும்ப வர்ற பகுதி இணை கோடுகளா தெரியும். கோடு கண்டுபிடிக்கிறது உங்க ஏரியாதானே, படத்துல நேர்கோடு தேடுற ஹஃப் டிரான்ஸ்ஃபார்ம் நேரா உக்காரும். முழுசா போட்டா சுமார் 90 கோடி கட்டம், அதனால துண்டு துண்டா போங்க.

நுண்கோடு:
கேயாஸ் கேம் முறையை யாரும் சொல்லலையே, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அதுதான். ஜெஃப்ரி 1990ல வெளியிட்டது. சதுரத்தோட நாலு மூலைக்கு நாலு எழுத்து, நடுவுல ஆரம்பிச்சு ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த மூலையை நோக்கி பாதி தூரம் நகர்ந்து புள்ளி வைக்கணும், அவ்வளவுதான். புள்ளி எந்தக் கட்டத்துல விழுதுங்கிறதே கடைசியா வந்த சில எழுத்து என்னன்னு சொல்லிடும், 64க்கு 64 கட்டம் வச்சா 4096 கட்டமும் 4096 ஆறெழுத்துத் தொடருக்கு ஒன்னுக்கு ஒன்னு. ஒவ்வொன்னுலயும் எத்தனை புள்ளின்னு எண்ணினா படம் ரெடி. ஒரு எழுத்து நுழைஞ்சாலும் அந்த இடத்தைச் சுத்தி சில எண்ணிக்கைதான் மாறும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். மனித டிஎன்ஏவுக்குப் போட்டுப் பாருங்க, ஜி மூலையோட கால்பகுதிக்குள்ள சி பக்கம் (அதாவது சிக்கு அடுத்து ஜி வர்ற இடம்) வெறிச்சோடிக் கிடக்கும், அதே ஓட்டை சின்னச் சின்னதா படம் முழுக்க திரும்ப வரும். சிக்கு அடுத்து ஜி வர்ற இடத்துல மெத்தில்ங்கிற சின்ன வேதித் தொகுதி ஒட்டி, அந்த சி காலப்போக்குல டியா மாறிடுறதுதான் காரணம். இதைக் கண்ணால பார்க்க முடியுதுங்கிறதே பெரிய விஷயம்.

அலைவரிசை:
நுண்கோடு சொன்னது சரி, ஆனா ஒன்னு கவனிக்கணும். ரெண்டு படத்துக்கும் யூக்ளிடியன் தூரம் (கட்டத்துக்குக் கட்டம் வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறது) எடுத்தா அது வெறும் தொடர் எண்ணிக்கை ஒப்பீடுதான், ரெண்டு படத்துலயும் பிக்சலை ஒரே மாதிரி எப்படிக் கலைச்சுப் போட்டாலும் அதே விடை வரும், படம்ங்கிறதுக்கு அங்க வேலையே இல்ல. பக்கத்து பிக்சலைப் பார்க்கிற எஸ்எஸ்ஐஎம், சிஎன்என் (படத்தைப் படிச்சுக் கத்துக்கிற நியூரல் நெட்வொர்க்) மாதிரி முறை வந்தாதான் படமா வச்சதுக்கு அர்த்தம். அதுலயும் நாலு எழுத்துக்கான கால்பகுதிகளோட எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி இருக்கிற கட்டங்களுக்கு கடைசி எழுத்தே வேற வேற, அங்க வர்ற ஒற்றுமையை நம்பாதீங்க.

எவ்வளவு தள்ளியிருக்குன்னு தெரியணும்னா எஃப்எஃப்டி (ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்மை வேகமா போடுற முறை) போடுங்க. எழுத்துக்கு ஒன்னா நாலு 0-1 வரிசை, ஒவ்வொன்னுக்கும் கிராஸ் கோரிலேஷன் (ஒன்னை நகர்த்தி நகர்த்தி இன்னொன்னோட ஒப்பிடுறது), நாலையும் கூட்டினா ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை எழுத்து பொருந்துதுன்னு மொத்தமா கிடைச்சிடும். வரிசையோட கடைசிப் பகுதி சுத்தி வந்து ஆரம்பத்தோட பொருந்தாம இருக்க, கடைசில பூஜ்யம் நிரப்பிடுங்க. நடுவுல ஒரு எழுத்து நுழைஞ்சிருந்தா உச்சம் ரெண்டா பிரியும். 2002ல வந்த மாஃப்ட்ங்கிற வரிசை ஒப்பீட்டு மென்பொருள் கூட ஒத்த பகுதியைத் தேட எஃப்எஃப்டியைத்தான் பிடிச்சுது.

கயல்_பிக்சல்:
ரொம்ப நன்றி, கேயாஸ் கேம்ல ஆரம்பிக்கிறேன். நீளம் வேற வேறயா இருந்தா? டிஎன்ஏ ரெண்டு இழையா இருக்கே, எதிர் இழையில இருந்து படிச்ச வரிசை வந்தா?

நுண்கோடு:
நீளத்துக்கு, ஒவ்வொரு கட்டத்தையும் மொத்த எண்ணிக்கையால வகுத்துடுங்க. எதிர் இழைக்கு, வரிசையைத் திருப்பிப் போட்டு ஏ-டி, சி-ஜி மாத்தி அதையும் அதே படத்துல சேர்த்து எண்ணிடுங்க, எந்த இழையில இருந்து வந்தாலும் ஒரே படம்தான் வரும். ஆனா எந்த இடத்துல எழுத்து மாறிச்சுன்னு இந்தப் படம் சொல்லாது, அதுக்கு அலைன்மென்ட் (ரெண்டு வரிசையையும் எழுத்துக்கு எழுத்து வரிசைப்படுத்திப் பொருத்துறது) போட்டே ஆகணும்.