பிள்ளைக்குப் பள்ளியில் வலிப்பு வந்து, பள்ளி சரியாகக் கவனிக்கவில்லை என்றால்: யாரிடம், எப்படிக் கேட்பது?

பாலக்கோடு, பெற்றோர்

வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு "அம்மா வரட்டும்" என்று காத்திருந்த பள்ளியிடம் பேசப் போகிறவர்களுக்கு: அன்றைக்கே போய் சத்தம் போடாதீர்கள். அன்றைக்குச் சேர்க்க வேண்டியது நேரங்கள். வலிப்பு தொடங்கியது எப்போது, எத்தனை நிமிஷம் நீடித்தது, உங்களுக்கு முதல் போன் எத்தனை மணிக்கு, 108ஐ அழைத்தார்களா, ஆஸ்பத்திரியில் சேர்த்தது எப்போது. போனில் வந்த அழைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஓ.பி. சீட்டில் நேரம் இல்லையென்றால் டியூட்டி டாக்டரிடம் அங்கேயே எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட அவசரம் சிசிடிவி. டிவிஆர் பெட்டி நிறைந்ததும் பழைய பதிவை அழித்துப் புதியது ஏறிவிடும். அதனால் மறுநாளே ஒரு தாள்: "இன்ன தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, இன்ன வகுப்பு, இன்ன வராந்தா கேமரா பதிவை அழிக்காமல் வைக்கவும்." நகல் கேட்டால் மற்ற பிள்ளைகள் தெரிகிறார்கள் என்று மறுப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஹெச்.எம். அறையில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்று கேளுங்கள்.

ஊத்தங்கரை, செவிலியர்

பள்ளி என்ன தப்பு செய்தது என்று எழுத, எது சரி என்று முதலில் தெரியணும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். தலைக்கு அடியில் மடித்த துணி. டை, கழுத்துப் பட்டன் தளர்த்தணும். ஒருத்தர் கடிகாரம் பார்க்கணும். இழுக்கிற கை காலை அமுக்கக் கூடாது. வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவுமே கூடாது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிஷத்தில் தானாகவே நிற்கும்; அந்த நேரத்தில் கையில் இரும்பு இருந்ததால் பெயர் இரும்புக்குப் போய்விட்டது.

5 நிமிஷம் தாண்டினாலும், நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலும், மூச்சு சரியில்லாவிட்டாலும், வாழ்க்கையில் முதல் வலிப்பாக இருந்தாலும் முதல் போன் 108க்கு. அம்மா அப்பாவுக்கு அடுத்தது. பள்ளிகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

வலிப்பை நிறுத்துகிற மிடாசோலம் மூக்கு ஸ்பிரேயை டாக்டர் எழுதியிருந்தால் பள்ளிக்கென்று தனி பாட்டில் கொடுங்க. ஒரு அமுக்குக்கு 0.5 மி.கி. வருவதும் இருக்கு, 1.25 மி.கி. வருவதும் இருக்கு. "வலிப்பு வந்தால் ஸ்பிரே கொடுக்கவும்" என்று மட்டும் சீட்டு இருந்தால் ஆபத்து. எந்த பாட்டில், எத்தனையாவது நிமிஷத்தில், ஒவ்வொரு மூக்கிலும் எத்தனை அமுக்கு என்று டாக்டர் கையெழுத்தோடு வேணும். புது பாட்டிலில் முதல் சில அமுக்குக்கு மருந்து முழுசாக வராது. காற்றில் அடித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்க. அளவு எடையைப் பொறுத்தது, ஒவ்வொரு ஜூனிலும் சீட்டைப் புதுப்பிக்கணும். இவ்வளவும் செய்தபிறகு பாட்டிலை பீரோவில் பூட்டி, சாவியை ஹெச்.எம். மீட்டிங்குக்கு எடுத்துப் போய்விட்டால் என்ன பிரயோஜனம்? வகுப்பிலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஓசூர், தனியார் பள்ளி அலுவலகம்

"மருந்து கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை" என்று நிர்வாகம் சொல்வது பாதிக்கு மேல் பயம். டாக்டர் சீட்டு, பெற்றோரின் சம்மதக் கடிதம், டீச்சருக்கு அரை மணி நேர செய்முறை, மூன்றும் இருந்தால் பயம் குறையும்.

கடிதத்தில் "அலட்சியம்" என்ற சொல்லை எழுதாதீர்கள். எழுதினால் அது கரஸ்பாண்டன்ட் மேஜையிலிருந்து நேரே வக்கீலிடம் போகும், உங்களுக்குப் பதில் வராது. நேரங்களை வரிசையாக எழுதி மூன்று கேள்வி கேளுங்கள்: அன்று பொறுப்பில் இருந்தது யார், 108ஐ அழைக்காததற்குக் காரணம் என்ன, அடுத்த முறை யார் என்ன செய்வார்கள். பதிலுக்கு ஒரு தேதி போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். கல்வித் துறை உதவி எண் 14417லும் பதியலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு கடைசியில். முதலிலேயே அங்கே போனால் மனு சுற்றிக்கொண்டு அதே கல்வி அலுவலரிடம்தான் வரும்.

இன்னொன்று. தளி, பாகலூர் மாதிரி எல்லையோர ஊர்களில் போன் கர்நாடக டவரைப் பிடித்திருந்தால் 108 அழைப்பு அந்தப் பக்கம் போகலாம். பள்ளியின் லேண்ட்லைனிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள்.

அரூர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை

அரசுப் பள்ளியில் கதை வேறு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பிள்ளையோடு போனால் மீதி எல்லா வகுப்பும் ஒருவர் தலையில். அதற்காகத்தான் டீச்சர் தயங்குவது, கல்நெஞ்சம் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வைத்து, யார் கூடப் போவது, சத்துணவு அமைப்பாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாரா, 108 வரத் தாமதமாகும் சித்தேரி மாதிரி மலை ஊரில் யாருடைய வண்டி என்று பெயரோடு தீர்மானம் எழுத வையுங்கள். பெயர் இல்லாத தீர்மானம் வீண்.

பெற்றோர் பக்கமும் ஒரு குறை உண்டு. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில், பிள்ளை பாட்டியிடம், எமிஸில் (பள்ளியின் ஆன்லைன் மாணவர் பதிவு) இருப்பதோ எப்போதோ மாற்றிய சிம்மின் எண். பாட்டி எண்ணையும் பக்கத்து வீட்டு எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

பாலக்கோடு, பெற்றோர்

கேள்வி கேட்டால் "டி.சி. வாங்கிக்கோங்க" என்கிறார்களே, அக்கா?

அரூர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை

எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16 சொல்கிறது. வாயால் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லுங்கள் தம்பி. பெரும்பாலும் தர மாட்டார்கள்.