புதுசாகப் பதித்த கொரியன் புல் ஓரத்தில் காய்கிறது, யூரியா போடலாமா?

திருவொற்றியூர்க்காரன்:
வணக்கம். முட்டி வலியால் அப்பாவால் கடற்கரை வரை நடக்க முடிவதில்லை, வீட்டு வாசலிலேயே வெறுங்காலோடு நடக்கட்டும் என்று சின்னதாகப் புல்தரை போட்டோம். நர்சரிக்காரர்களே செம்மண் கொட்டி, கொரியன் புல்லைத் துண்டு துண்டாகப் பதித்துவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நடுவில் பச்சையாக இருக்கிறது, ஆனால் ஓரங்களிலும் துண்டுகள் சேரும் இடத்திலும் மஞ்சளாகி நுனி கருகுகிறது. ஊற்றுவது போர் தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கும். யூரியா போட்டால் பச்சை பிடித்துவிடும் என்கிறார்கள். போடலாமா? அப்பா எப்போது நடக்கலாம்?

மாதவரம் தோட்டம்:
யூரியாவைத் தொடவே தொடாதீர்கள். வேர் பிடிக்காத புல்லில் போட்டால் இன்னும் கருகும். ஒரு துண்டின் மூலையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், பாய் மாதிரி அப்படியே கையோடு வந்தால் வேர் இறங்கவில்லை என்று அர்த்தம், இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை யாரும் மிதிக்கக் கூடாது. இணைப்புகளில் காற்று புகுந்துதான் ஓரம் முதலில் காயும். மண்புழு உரமும் ஆற்று மணலும் கலந்து அந்த இடைவெளிகளில் நிரப்பி, கையால் அழுத்திவிடுங்கள். கடல் மணல் வேண்டவே வேண்டாம்.

எண்ணூர் அக்கா:
தம்பி, நுனி கருகுகிறது என்றாலே எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். மீஞ்சூர் பக்கமெல்லாம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சி உறிஞ்சி கடல் நீர் உள்ளே வந்துவிட்டது, நம் பக்கத்து போரும் பல இடங்களில் கரிக்கிறது. உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலேயே தங்கும். மண்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா?

திருவொற்றியூர்க்காரன்:
ஆமாம் அக்கா, சுவரோரம் வெள்ளையாக இருக்கிறது. மூலையும் சுலபமாகத் தூக்க வருகிறது.

எண்ணூர் அக்கா:
அப்போது அதுதான். வேர் பிடிக்கும்வரை மெட்ரோ வாட்டரோ மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீரோ ஊற்றப் பாருங்கள். காலையில் மண் அடிவரை நனையும்படி, மதியம் வெயில் கடுமையாக இருந்தால் இன்னொரு முறை லேசாக. ராத்திரி ஈரமாக விட்டால் பூஞ்சை வரும். தண்ணீர் தேங்காமல் வழிந்தோட வழி இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் உப்பு வெளியே போகாது. ஐப்பசி மழை வந்தால் நன்றாகவே கழுவிவிடும். நல்ல தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் கொரியனோடு போராடாமல் காய்ந்த இடத்தில் அருகம்புல்லை நட்டுவிடுங்கள். அது உப்பையும் தாங்கும், மிதியையும் தாங்கும், அப்பா நடக்க அதுவே தோது.

மாதவரம் தோட்டம்:
அக்கா சொல்வது சரி. வேர் பிடித்து இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்த பிறகு முதல் முறை வெட்டுங்கள், அப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அப்புறம் நர்சரி மண்ணோடு கோரை வந்திருக்கும். மேலே பிடுங்கினால் போகாது, மண் ஈரமாக இருக்கும்போது கிழங்கோடு தோண்டி எடுங்கள்.